முகப்பருக் குளிசைகள்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை?



கோவிட் கட்டுப்பாடுகள் நீங்கி ஆண்டுகள் சில கடந்த பின்னரும், எமது சிகிச்சை நிலையத்துக்கு வரும் பதின்ம வயதுப் பிள்ளைகளில் சிலர் முகக்கவசத்தைக் கழற்றுவதில்லை. தொற்றுக்குப் பயந்து அல்ல. கன்னத்தையும் தாடையையும் மறைப்பதற்காக.

அப்படி ஒரு மகளுடன் ஒரு தாயார் வந்தார். (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறோம்.) மூன்று மாதங்களுக்கு முன்னர் நாம் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு மடித்தபடி அவரது கைப்பையில் இருந்தது. மருந்து எடுக்கப்படவில்லை. காரணம் கேட்டோம்.

"டொக்டர், இந்தக் குளிசையைக் குடிச்சாப் பிறகு பிள்ளை பிறக்காதாம். ஈரல் பழுதாகுமாம். மூளையும் குழம்புமாம். லண்டனில இருக்கிற அக்கா சொன்னவ. பரு எல்லாருக்கும் வாறதுதானே, வயசு போக மாறிவிடும்" என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை. முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னபோது, மூன்று மாதங்களுக்கு முன் இல்லாத புதிய குழிகள் இரண்டு கன்னங்களிலும் விழுந்திருந்தன.

அந்தத் தாயார் சொன்ன மூன்று பயங்களிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் எவ்வளவு உண்மை, எந்தச் சூழ்நிலையில் உண்மை என்பதுதான் முக்கியம். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரு ஏன் வருகிறது?

தோலிலுள்ள ஒவ்வொரு மயிர்த்துவாரத்தோடும் ஒரு சிறிய எண்ணெய்ச் சுரப்பி இணைந்திருக்கிறது. பருவ வயதில் ஆண்மை ஓமோன்களின் தூண்டுதலால் (இவை பெண்களின் உடலிலும் உண்டு) இச்சுரப்பிகள் அதிக எண்ணெயைச் சுரக்கின்றன. இறந்த தோற்கலங்கள் துவாரத்தை அடைக்கின்றன. உள்ளே தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைப் பக்ரீரியா பெருகி அழற்சியை உண்டாக்குகிறது. மேலோட்டமாக நடந்தால் கரும்புள்ளியும் சிறு பருவும். ஆழத்தில் நடந்தால் வலிக்கும் கட்டிகள். அவைதான் வடுவை விட்டுச் செல்கின்றன.

முகம் கழுவாததால் பரு வருவதில்லை. எண்ணெய்ப் பலகாரம் தின்றால் அந்த எண்ணெய் முகத்துக்கு வருவதும் இல்லை. ஆனால் தலைக்குத் தாராளமாக வைக்கும் எண்ணெய் நெற்றியில் வடிந்து துவாரங்களை அடைப்பது உண்மை. நெற்றியில் மட்டும் பரு உள்ள பிள்ளைகளிடம் நாம் முதலில் கேட்பது தலைமயிர் எண்ணெயைப் பற்றித்தான்.

தராசின் மற்றத் தட்டு

பக்கவிளைவு என்றதும் நாம் மருந்தை மட்டுமே தராசில் வைக்கிறோம். மருந்து எடுக்காமல் விடுவதற்கும் விளைவுகள் உண்டு. அவற்றையும் மற்றத் தட்டில் வைக்க வேண்டும்.

முதலாவது, எமது தோலின் நிறம். கருமை, மாநிறத் தோலில் பரு ஆறிய இடம் கறுத்த அடையாளமாக மாதக்கணக்கில் நிற்கும். பல பிள்ளைகளுக்குப் பருவை விட அந்த அடையாளமே பெரிய கவலை. தாடையிலும் நெஞ்சிலும் முதுகிலும் தடித்து வளரும் தழும்புகளும் எம்மவர்களுக்குச் சற்று அதிகம். இரண்டாவது, குழிவிழுந்த வடு. அது வந்த பின் முற்றாக மாற்ற எந்த மருந்தும் இல்லை. லேசர் போன்ற சிகிச்சைகள் ஓரளவு குறைக்கலாம், அவற்றுக்கு ஓஹிப் பணம் கொடுப்பதில்லை. மூன்றாவது, பிள்ளையின் மனம்.

இந்த மூன்றாவதை எம் தலைமுறையினர் ஏற்றுக்கொள்வது கடினம். நாம் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்த காலம் போரும் பொருளாதாரத் தடையும் நிலவிய காலம். காயப்பட்டவர்களும் மலேரியாக் காய்ச்சல்காரரும் நிறைந்த விடுதிகளில், பருவைக் காட்டவென்று எவரும் வந்ததாக நினைவில்லை. ஷெல்லுக்குத் தப்பி வந்த எமக்கு, "முகத்தில பரு" என்று ஒரு பிள்ளை அழுவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். எமக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிள்ளை வாழ்வது அவருடைய பதினாறு வயதில். எம்முடைய பதினாறு வயதில் அல்ல. வகுப்பில் கைதூக்கிப் பேச மறுப்பது, படம் எடுக்க விடாதது, நண்பரின் பிறந்தநாளுக்குப் போகாதது, பல வருடம் பழகிய நடனத்துக்கு அரங்கேற்றம் வேண்டாம் என்பது, இவையெல்லாம் பருவின் விளைவுகளாக நாம் இங்கே கண்டவை.

முதற்படிகள்: பூச்சு மருந்து, அன்ரிபயோற்றிக், ஓமோன்

எல்லாப் பருவுக்கும் குளிசை வேண்டியதில்லை. சிறிய அளவில் உள்ளவர்களுக்குப் பென்சொயில் பெரொக்சைட், அடபலீன் போன்ற பூச்சு மருந்துகளே போதும். ஒன்ராறியோவில் 2023 ஒக்டோபர் முதல் இலேசான பருவுக்கு மருந்தாளரே மருந்து எழுதித் தரலாம். இவற்றின் பக்கவிளைவு தோல் உலர்தல், எரிவு, சிவத்தல். பென்சொயில் பெரொக்சைட் தலையணை உறையையும் துவாயையும் வெளிறச் செய்யும். பயன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். இரண்டு வாரத்தில் "சரிவரவில்லை" என்று நிறுத்துவதே இங்கு நடக்கும் பெரிய தவறு.

அடுத்தது அன்ரிபயோற்றிக் குளிசைகள். டொக்சிசைக்கிளின் எடுப்பவர்கள் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வெயிலில் தோல் இலகுவில் எரியும். மினோசைக்கிளின் சிலருக்குத் தலைச்சுற்றைத் தரும். நீண்ட காலம் எடுத்தால் தோலில் நீலம் கலந்த கருமை படரலாம், எமது நிறத்தில் அது பிந்தியே கண்ணுக்குத் தெரியும். எந்த அன்ரிபயோற்றிக்கையும் பருவுக்காக ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்வது நல்லதல்ல. பக்ரீரியாக்கள் மருந்துக்குப் பழகிவிடும்.

பெண்களுக்கு ஓமோன் வழி மருந்துகள் உண்டு. மாதவிடாய் ஒழுங்கின்மை, முகத்தில் ரோமம், தாடையோரப் பரு மூன்றும் சேர்ந்திருந்தால் பி.சி.ஓ.எஸ் எனப்படும் சூலக நோய் உள்ளதா என்று பார்க்க வேண்டும். தெற்காசியப் பெண்களிடம் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. ஸ்பைரனோலக்டோன் என்ற குளிசை முன்பு இரத்த அழுத்தத்துக்காக வந்தது; பருவுக்கும் உதவும். மார்பு நோவு, மாதவிடாய் முன்பின் ஆதல் அதன் பக்கவிளைவுகள். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கருத்தடைக் குளிசை வகையைச் சேர்ந்த டயான்-35 இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுவதால் 2013இல் பிரான்சில் இடைநிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஹெல்த் கனடா அதை மீளாய்வு செய்து, அனுமதித்த முறையில் பாவித்தால் நன்மையே அதிகம் என்று முடிவு செய்தது. புகைப்பவர்களும், குடும்பத்தில் இரத்தக்கட்டி வந்த வரலாறு உள்ளவர்களும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

ஐசோட்ரெட்டினோயின் என்பது என்ன?

மேற்சொன்னவை பலிக்காதபோதும், வடு விழத் தொடங்கியபோதும் நாம் எழுதும் மருந்து ஐசோட்ரெட்டினோயின். அக்கியூட்டேன், கிளாரஸ், எப்யூரிஸ் என்ற பெயர்களில் கனடாவில் கிடைக்கிறது. விற்றமின் ஏ-யின் உறவுப் பொருள் இது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருங்கச் செய்கிறது. அமெரிக்காவில் 1982இல் அனுமதிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் இதற்கு உண்டு.

அளவு உடல் நிறையைப் பொறுத்தது. நாளொன்றுக்குக் கிலோவுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் வரை கொடுத்து, மொத்தம் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை சேரும்வரை தொடர்வது பொதுவான வழக்கம். 50 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு மொத்தம் 6000 மில்லிகிராம் தேவை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 40 மில்லிகிராம் எடுத்தால் 150 நாள், அதாவது ஐந்து மாதம். வாழ்நாள் முழுவதும் எடுக்கும் மருந்து அல்ல. பெரும்பாலோருக்கு ஒருமுறை எடுத்தால் பரு நீண்ட காலத்துக்கு அடங்கிவிடும். சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும்.

அநேகமாக எல்லோருக்கும் வருபவை

உதடு உலர்ந்து வெடிப்பது அநேகமாக எல்லோருக்கும் வரும். கண் உலரும், மூக்கு உலர்ந்து இரத்தம் கசியும், தோல் மெல்லியதாகும். ரொறன்ரோக் குளிரில், வீட்டு வெப்பமூட்டி இரவுபகலாக ஓடும் மாதங்களில், இது இன்னும் கூடும். உதட்டுக்கு அடிக்கடி வாசலின் பூசுவதும், மூக்கின் உள்ளே சிறிது தடவுவதும், நறுமணமில்லாத பூச்சை முகத்துக்குப் பாவிப்பதும் போதுமானவை. கண்வில்லை அணிபவர்கள் சில மாதங்கள் மூக்குக்கண்ணாடிக்கு மாற வேண்டி வரலாம்.

முதல் சில வாரங்களில் பரு கூடலாம். இதை முன்கூட்டியே அறியாதவர்கள் பயந்து நிறுத்திவிடுகிறார்கள்.

கடுமையாக உடற்பயிற்சி செய்பவர்களுக்குத் தசைநோவும் நாரிநோவும் வரலாம். அரங்கேற்றத்துக்கு நாள்தோறும் பயிற்சி செய்யும் பிள்ளையும், விளையாட்டு அணியில் உள்ள பிள்ளையும் மருந்து தொடங்கும் காலத்தை வைத்தியருடன் பேசித் தெரிவு செய்யலாம். மேடை ஒப்பனையும் அந்த நாட்களில் தோலை உறுத்தும். புருவம் நூலால் எடுப்பது, மெழுகால் ரோமம் எடுப்பது ஆகியவற்றை மருந்து முடிந்து ஆறு மாதம் வரை தவிர்க்க வேண்டும். தோல் உரிந்து வடுவாகும். சிலருக்கு இரவில் பார்வை மங்கும். வாகனம் ஓட்டும் இளையோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை மருந்தை நிறுத்தியதும் மாறிவிடும்.

முதற் பயம்: ஈரல்

இம்மருந்து சிலருக்கு ஈரல் நொதியங்களையும், இரத்தத்திலுள்ள ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பையும் கூட்டும். பெரும்பாலும் சிறிதளவே, அளவைக் குறைத்தால் இறங்கிவிடும். ட்ரைகிளிசரைட் மிக அதிகமானால் கணையம் அழற்சியடையும் ஆபத்து உண்டு, ஆனால் அது அரிது. தொடங்கும் முன்னரும் தொடங்கிய பின்னரும் இரத்தப் பரிசோதனை செய்வது இதற்காகவே. எமது குடும்பங்களில் நீரிழிவும் இரத்தக் கொழுப்பும் பரவலாக இருப்பதால், பெற்றோருக்கு உள்ள நோய்களை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து எடுக்கும் காலத்தில் மதுவைத் தவிர்க்க வேண்டும். பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு இதை நேரடியாகவே சொல்லுங்கள்.

இரண்டாவது பயம்: மனம்

1998இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இம்மருந்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எச்சரித்தது. அன்றிலிருந்து இக்கேள்வி ஆராயப்பட்டு வருகிறது. 2010இல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வு, இம்மருந்தை எடுத்த 5,756 பேரைப் பின்தொடர்ந்தது. தற்கொலை முயற்சிகள் மருந்து தொடங்கும் முன்னரே, பரு மோசமாக இருந்த காலத்திலேயே, கூடத் தொடங்கியிருந்தன. ஆபத்து மிக அதிகமாக இருந்தது சிகிச்சை முடிந்த பின்னரான ஆறு மாதங்களில். 2023இல் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு, மொத்தமாகப் பார்க்கும்போது இம்மருந்தால் தற்கொலை ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை என்றது.

இதன் பொருள் என்ன? மோசமான பருவே மனத்தை நோகடிக்கிறது. மருந்து பெரும்பாலோரின் மனத்தை இலேசாக்குகிறது. ஆனாலும் தனி ஒருவருக்கு மனநிலை மாறக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. லண்டன் அக்கா சொன்னதற்கும் காரணம் உண்டு. பிரித்தானியாவில் 2023 இறுதியில், 18 வயதுக்குட்பட்டோருக்கு இம்மருந்தைத் தொடங்க இரண்டு மருத்துவ நிபுணர்கள் உடன்பட வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. அங்கு குடும்ப வைத்தியர் இதை எழுத முடியாது. கனடாவில் நாம் எழுதலாம். விதிகள் நாட்டுக்கு நாடு வேறு; மருந்து ஒன்றுதான்.

எனவே மருந்து எடுக்கும் பிள்ளையின் நித்திரை, சாப்பாடு, படிப்பு, நண்பர்களோடு பழகுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். மருந்து முடிந்த பின்னரும் சில மாதங்கள் கவனியுங்கள். பரு மாறியும் மனம் மாறாவிட்டால் அதற்கும் உதவி வேண்டும். குடும்பத்தில் எவருக்காவது மனச்சோர்வு இருந்தால் தொடங்கும் முன்னரே சொல்லுங்கள். எமது வீடுகளில் இதைச் சொல்லத் தயங்குவார்கள். பிள்ளை வாழ விருப்பமில்லை என்ற பொருளில் ஒரு சொல் சொன்னாலும் அதை உதாசீனம் செய்யாதீர்கள். கனடா முழுவதும் 988 என்ற இலக்கத்தை இரவுபகல் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

மூன்றாவது பயம்: குழந்தை

இங்கேதான் பயமும் உண்மையும் அதிகம் குழம்பிக் கிடக்கின்றன. "பிறகு பிள்ளை பிறக்காது" என்பது பிழை. மருந்தை நிறுத்தி ஒரு மாதத்துள் அது உடலிலிருந்து நீங்கிவிடும். அதன் பின் கருத்தரிப்பதற்கும் பிள்ளையின் நலத்துக்கும் அதனால் தடையில்லை. இருபது வயதில் இம்மருந்தை எடுத்தவர் இருபத்தைந்தில் திருமணம் செய்து தாயாவதில் எந்தச் சிக்கலும் இல்லை. (சொரியாசிஸ் நோய்க்குக் கொடுக்கும் அசிட்ரெட்டின் என்ற உறவு மருந்து ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கக்கூடியது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கதை பரவியிருக்கலாம்.)

ஆனால் மருந்து உடலில் இருக்கும்போது கரு உருவானால் அது மிகப் பாரதூரமானது. காது, மூளை, இருதயம் ஆகியவை உருவாகும் முதல் வாரங்களிலேயே பாதிப்பு நிகழ்ந்துவிடும். தாய் தான் கர்ப்பிணி என்று அறியும் முன்னரே நிகழ்ந்துவிடும். எவ்வளவு குறைந்த அளவும் பாதுகாப்பானது அல்ல.

ஆகவேதான் கனடாவில் கடுமையான விதிகள் உள்ளன. தொடங்கும் முன் இரண்டு கர்ப்பப் பரிசோதனைகள், மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தொடங்குதல், ஒரு மாதம் முன்பிருந்து ஒரு மாதம் பின்பு வரை இரண்டு வகைக் கருத்தடை, அல்லது உடலுறவிலிருந்து முற்றாக விலகியிருத்தல், மாதந்தோறும் பரிசோதனை, எழுத்துமூலச் சம்மதம்.

விதிகள் இருந்தும் தவறுகள் நடக்கின்றன. ஒன்ராறியோ உட்பட நான்கு மாகாணங்களில் 1996 முதல் 2011 வரை இம்மருந்தை எடுத்த 59,271 பெண்களைப் பற்றிய ஆய்வு, 2016இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. சிகிச்சை நடக்கும்போதே குறைந்தது 186 கர்ப்பங்கள் ஏற்பட்டிருந்தன. சிகிச்சைக் காலத்தையும் அதையடுத்த மாதங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, கர்ப்பங்களில் பத்தில் ஒன்பது கலைந்தன, அல்லது கலைக்கப்பட்டன. உயிருடன் பிறந்த 118 குழந்தைகளில் 11 பேருக்குப் பிறவிக் குறைபாடு இருந்தது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் இந்தத் தவறுகளின் வீதம் குறையவே இல்லை.

ஏன் குறையவில்லை? எமது சமூகத்தைப் பொறுத்தவரை எமக்கு ஒரு பதில் தெரியும். அது எமது தவறிலிருந்தே கற்றது.

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இளம்பெண்ணுக்கு இம்மருந்தை எழுதினோம். கர்ப்பமாகும் வாய்ப்பு உண்டா என்ற கேள்வியைத் தாயார் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டோம். "சீச்சீ, அவள் அப்படியான பிள்ளை இல்லை" என்று தாயார் சொன்னார். மகளும் தலையாட்டினார். நாமும் அத்துடன் விட்டுவிட்டோம். மூன்றாம் மாதம் அவர் தனியாக வந்தார். கரு சில நாட்களில் தானாகவே கலைந்தது. அவர் எம்மிடம் சொன்னது இதுதான்: "அம்மாவுக்கு முன்னால வேற என்ன சொல்லுறது டொக்டர்?"

அன்றிலிருந்து, எந்தப் பிள்ளையிடமும் இக்கேள்வியைத் தனியாகவே கேட்கிறோம். பெற்றோரைச் சில நிமிடம் வெளியே இருக்கச் சொல்கிறோம். சிலர் கோபிக்கிறார்கள். தயவுசெய்து கோபிக்க வேண்டாம். அது உங்கள் பிள்ளையைச் சந்தேகிப்பது அல்ல. தோல் வைத்திய நிபுணரும் மருந்தாளரும் ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்பது அதே கேள்வியைத்தான். ஒன்ராறியோவில் 1996ஆம் ஆண்டின் சம்மதச் சட்டப்படி, சிகிச்சைக்குச் சம்மதிக்கக் குறிப்பிட்ட வயதெல்லை கிடையாது. விளங்கிக்கொள்ளும் திறன் இருந்தால் பிள்ளையே சம்மதிக்கலாம், அவர் சொன்னதை நாம் இரகசியமாகவே வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளே, இதை நீங்களும் அறிந்துகொள்ளுங்கள். வைத்தியரிடம் உண்மை சொன்னால் அது வீட்டுக்குப் போகாது. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால் வேறு மருந்தைத் தேடலாம்.

ஆண்பிள்ளைகளின் விந்து மூலம் கருவுக்குக் கேடு நேர்வதாகத் தெரியவில்லை. ஆனால் அவர்களும் குளிசையைச் சகோதரிக்கோ சிநேகிதிக்கோ கொடுக்கக் கூடாது.

மறக்கக் கூடாதவை

1. ஊருக்குப் போகும்போது கொழும்பிலோ சென்னையிலோ இம்மருந்தை வாங்கி வந்து, பரிசோதனை இன்றி எடுக்க வேண்டாம். ஒருவருக்கு மிஞ்சியதை மற்றவர் எடுக்கவும் வேண்டாம்.

2. முகம் வெளுக்கவென்று அங்கிருந்து வரும் பூச்சுகள் பலவற்றில் ஸ்டீரொயிட் உண்டு. பெட்னோவேட் போன்றவற்றை முகத்துக்கு மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் கூடும். நிறுத்தும்போது இன்னும் மோசமாகும். ஏற்கெனவே பூசுபவர்கள் வைத்தியரிடம் சொல்லி நிறுத்தவும்.

3. மீன் ஈரல் எண்ணெய்க் குளிசையிலும் சில சத்துக் குளிசைகளிலும் விற்றமின் ஏ உண்டு. ஐசோட்ரெட்டினோயினுடன் சேர்த்து எடுக்கக் கூடாது. டொக்சிசைக்கிளின், மினோசைக்கிளின் ஆகியவற்றையும் சேர்க்கக் கூடாது. தலைக்குள் அழுத்தம் கூடும்.

4. அக்கியூட்டேன் கொழுப்புள்ள உணவுடன் எடுத்தால்தான் உடலில் நன்கு சேரும். விரத நாட்களில் வெறுவயிற்றில் விழுங்குவதில் பயன் குறைவு. எப்யூரிஸ் வெறுவயிற்றிலும் ஓரளவு சேரும். குளிசையின் உறை ஜெலட்டினால் ஆனது. சைவ உணவுக்காரர் இதை அறிந்து முடிவு செய்யலாம். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

5. மருந்து எடுக்கும்போதும், முடிந்து ஒரு மாதம் வரையும் இரத்ததானம் செய்யக் கூடாது. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகக்கூடும்.

6. வாந்தியுடன் கூடிய கடுந்தலைவலி, பார்வை மங்கல், கடுமையான வயிற்றுநோ, கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது வந்தாலும் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குப் போகவும். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 811 இலக்கத்தில் தாதியுடன் பேசலாம்.

7. காப்புறுதி இல்லாத 24 வயது வரையான பிள்ளைகளுக்கு ஓஹிப் பிளஸ் திட்டம் பல மருந்துகளுக்குப் பணம் கொடுக்கிறது. மருந்தாளரிடம் கேளுங்கள்.

முடிவாக

மருந்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வடு விழுகிறதா? பிள்ளை தன்னை ஒளித்துக்கொள்கிறதா? பூச்சு மருந்தை மூன்று மாதம் ஒழுங்காகப் பாவித்தும் பயனில்லையா? ஒன்றுக்காவது "ஆம்" என்றால், தாமதிப்பதற்கும் ஒரு விலை உண்டு. மூன்றுக்கும் "இல்லை" என்றால் பொறுத்திருக்கலாம்.

அந்தத் தாயாரும் மகளும் அன்று முக்கால் மணி நேரம் இருந்தார்கள். தாயாரின் கேள்விகளுக்கு மகளின் முன்னிலையில் பதில் சொன்னோம். மகளின் கேள்விகளுக்குத் தாயார் வெளியே இருந்தபோது பதில் சொன்னோம். அடுத்த வாரம் பரிசோதனை முடிவுகள் வந்த பின் மருந்து தொடங்கியது. ஆறு மாதத்தில் முடிந்தது. உதடு வெடித்தது, ஒருமுறை கொழுப்புக் கூடியதால் அளவைக் குறைத்தோம், வேறொன்றும் நடக்கவில்லை. இப்போது புதிய பரு இல்லை. முகக்கவசமும் இல்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் விழுந்த குழிகள் அப்படியே இருக்கின்றன.

லண்டன் அக்காவிடம் கேட்பதில் தவறில்லை. கேட்டதை வைத்தியரிடம் கொண்டு வந்து சொல்லுங்கள். மருந்துச் சீட்டைக் கைப்பைக்குள் மட்டும் வைத்திருக்காதீர்கள்.

(இக்கட்டுரை பொது விளக்கத்துக்கானது. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற முடிவை உங்கள் குடும்ப வைத்தியருடன் கலந்துபேசி எடுக்கவும்.)